பின்னால் வைத்த இரண்டு அடி

ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் குற்றாலத்து அருவியிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வருவோம். சுமப்பவன் கோயிலில் குடத்தை இறக்கும்வரை பேசக்கூடாது. பின்னால் கால் வைக்கவும் கூடாது. வைத்தால் அந்தத் தண்ணீர் அம்மனுக்கு ஆகாது. உச்சிப்பொழுதுக்குள் அபிஷேகம் முடிய வேண்டும். அந்த வருஷம் குடம் என் தலைக்கு வந்தது. அரை நாளாவது இவன் வாய் மூடியிருக்கட்டும் என்றுதான் ஊர்கூடி முடிவெடுத்தார்கள் என்பது என் மனைவியின் கட்சி.

ஆடி என்றால் குற்றாலத்தில் சீசன். சாரலும் கார்களும் எண்ணெய் வழியும் தலைகளுமாக ரோடு நிறைந்து கிடந்தது. முன்னால் கொட்டு, பக்கத்தில் மனைவியின் தம்பி. பாதி வழியில், இடுப்பில் துண்டோடு ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

“அண்ணே, வீடியோ ஆன் ஆகல. கொஞ்சம் பின்னாடி போய் மறுபடி நடந்து வாங்களேன்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சீசனுக்கு வருகிறவர்கள் சொன்னால் தலையாட்டிப் பிழைத்தே பழகிய எனக்கு, கால்கள் என்னைக் கேட்காமலே இரண்டடி பின்னால் போய்விட்டன. போதாததற்குப் பல்லையும் காட்டித் தொலைத்தேன்.

கொட்டு நின்றது.

“அத்தான், என்ன செஞ்சிட்டிய! அவரு சொன்னா டான்ஸும் ஆடுவியளோ?”

தண்ணீரைப் ரோட்டோரப் பூவரச மரத்து அடிமூட்டில் ஊற்றினேன்.

“ஏண்ணே கொட்டிட்டாரு? தண்ணிதானே, பைப்புல பிடிச்சுக்கலாமே?” என்றார் செல்போன்காரர்.

மைத்துனன் விடவில்லை. “அப்ப நீங்களும் ஒங்க ஊரு பைப்புலயே குளிக்க வேண்டியதான சார்? இங்கன எதுக்கு வந்திய?”

குடம் காலியாக இருந்தால் பேசத் தடையில்லை. உச்சிக்குள் கோயில் சேர வேண்டுமே, பேச்சுக்கு எங்கே நேரம்? திரும்ப அருவிக்கு ஓடி, கூட்டத்தில் இடிபட்டு, குடத்தை நிரப்பினேன்.

இந்தத் தடவை ரோட்டின் நடுவில் நடந்தேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது, ஒதுங்கவில்லை. வீரம் என்று நினைத்துவிட வேண்டாம், முழங்கால் இரண்டும் தாளம் போட்டன. குடம் தளும்பி முகமெல்லாம் தண்ணீர். ‘சாமி வந்திருச்சு’ என்று வெளியூர்க்காரர்கள் கும்பிட்டு விலகினார்கள். சாமியாவது ஒன்றாவது, அத்தனையும் பயம். வழி கிடைத்ததே, விடுவேனா? இன்னும் கொஞ்சம் நடுங்கிக் காட்டினேன்.

உச்சிக்குச் சற்று முன்னால் குடத்தை இறக்கினேன். இனிமேல் சீசன் முடிந்து கொடையை வைத்துக்கொள்ளலாமே என்று ஊர்க்காரர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். முடியாது என்றேன். அருவி எல்லோருக்கும்தான் விழுகிறது, யாரும் வந்து குளிக்கட்டும். ஆடியில் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் ரோட்டின் நடு எங்களுடையது. அவசரக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வரலாம்.