நான் சுவைக்காத ரீஸ்லிங்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் திறமாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதலாம். அதில் நீங்கள் படிக்க ஒன்றுமில்லை. செய்த அயோக்கியத்தனத்தை எழுதுகிறேன்.

மொன்றியலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சொமெலியேயாக இருந்தேன். எந்த வைனை வாங்குவது, எந்தச் சாப்பாட்டோடு எதைக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பாத்திரம் கழுவப் போய் அந்த இடத்துக்கு வந்தவன். தலைக்கனமும் கூடவே வந்திருந்தது.

மார்ச் மாதம் ஒருநாள் ஜெனிற்றா ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் போத்தல்கள் இரண்டோடு வந்தாள். லாசாலில் இருப்பவள், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குப் பிள்ளை. அலுவலக வேலையை விட்டுவிட்டு வைன் இறக்குமதியில் இறங்கியிருந்தாள். அவள் கையில் இருந்தது ஜெர்மனியில் ஒரே ஒரு சிறு தோட்டத்தின் வைனை விற்கும் உரிமை. எங்கள் உணவகத்தின் வைன் பட்டியலில் இடம் கிடைத்தால்தான் அது அவளிடம் நிலைக்கும்.

"அண்ணை, இந்தப் பழம் விளைஞ்ச வருசம் வசந்தத்தில உறைபனி, அறுவடைக்கு மழை. அழுகின பழத்தை ஒவ்வொண்டாக் கிள்ளி எறிஞ்சுபோட்டு மிச்சத்தில செய்தவை. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ."

அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். நாற்பது நாளும் மது நாக்கில் படுவதில்லை என்பது என் நேர்த்தி. சுவைத்துத் துப்புவதற்குக்கூட எடுப்பதில்லை. பக்கத்தில் முதலாளி நின்றார். குடிக்காத சொமெலியே என்று சிரிப்பார் என்ற பயத்தில் வருடாவருடம் அதை மறைத்தே வந்தேன். கிளாஸைச் சுழற்றி மணந்தேன். உதட்டில் முட்டவைத்து, குடித்தவன்போல யோசித்தேன். அந்த வருடத்து ஜெர்மன் வைன் சரியில்லை என்று எங்கேயோ படித்திருந்தேன்.

"மெல்லிசு. வெறும் புளிப்பு. இந்த முறை வேண்டாம் பிள்ளை," என்றேன். முதலாளிக்கும் அதையே பிரெஞ்சில் சொன்னேன். தலையாட்டினார். திறக்காத மற்றப் போத்தலை எனக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

ஈஸ்டர் அன்று வீட்டில் நண்டுக் கறியோடு அதைத் திறந்தேன். புளிப்பு சுள்ளென்று ஏறியது, உப்புத் தொட்ட மாங்காய்போல. பிறகு தேசிக்காய்த் தோலின் மணம், கடைசியில் ஒரு துளி தேன். மெல்லியதுதான், ஆனால் நோஞ்சான் அல்ல. நண்டின் உறைப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது.

"என்னப்பா, ஓடு கீடு தொண்டையில கொழுவிட்டுதோ?" என்றாள் மனைவி. வெட்கத்தில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் ஜெனிற்றாவை அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. நீங்கள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. முதலாளிக்கு முன்னால கேக்கக் கூடாது எண்டு விட்டனான்."

நான் பிழைப்பைக் கெடுத்த பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"தவக்காலம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஈஸ்டர் முடிய வந்திருப்பனே அண்ணை. இப்ப தோட்டக்காரர் உரிமையை வேற ஆளுக்குக் குடுத்திட்டார். நான் திரும்பப் புவாண்ட்-கிளேரில பழைய ஒவ்வீசு வேலைக்குத்தான் போறன்."

அடுத்த தவக்காலம் தொடங்கிய அன்றே முதலாளியிடம் என் நேர்த்தியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, ஈஸ்டர் வரைக்கும் வைன் விற்பவர்கள் யாரையும் வரச் சொல்லாதே," என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார். இந்த ஒரு நிமிடப் பேச்சுக்குப் பயந்துதான் ஒரு பிள்ளையின் தொழிலில் மண்ணைப் போட்டேன்.