வேகாத பருப்பு

பருப்பு வேகவில்லை என்று என் மனைவி வளைகுடாவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஊருக்குப் போகிற ஒருவரிடம் பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை.

சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கம் எங்கள் ஊர். அங்கே முக்கால்வாசிக் கிணறுகள் உப்புத்தான். எங்கள் கொல்லைக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். விடிந்தால் தெருப் பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள். பல் துலக்கக்கூட எனக்கு இடம் கிடைக்காது. எரிச்சல்பட்டாலும் உள்ளூரப் பெருமையாகவே இருக்கும்.

ஆற்றில் தண்ணீர் வருவது நிச்சயமில்லை என்று ஆனபிறகு நான் விமானம் ஏறினேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் குழாய் பார்க்கும் வேலை. இரண்டாம் வருடம், கொல்லையை ஒட்டிய எங்கள் வயலை இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்டார்கள். குளம் வெட்டி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து நிரப்புவார்களாம். கிணற்றுக்கு ஒன்றும் ஆகாதே என்று மனைவி எழுதிக் கேட்டாள். ஆகாது என்று எழுதி, குத்தகைக்குக் கையெழுத்துப் போட்ட தாளையும் சேர்த்து அனுப்பினேன். என்ன தெரிந்து அப்படி எழுதினேனோ! தண்ணீர் ஆலையில் வேலை பார்க்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள்.

அதற்கு மறு வருடம்தான் பருப்புக் கடிதம் வந்தது. குக்கர் போய்ச் சேர்ந்ததும், "குக்கரிலும் வேகவில்லை" என்று எழுதினாள். கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறான் என்று அவனைத் திட்டிப் பதில் போட்டு, வளைகுடாவிலிருந்தே இரண்டு பாக்கெட் பருப்பும் அனுப்பினேன். அதன்பிறகு அவள் பருப்பைப் பற்றி எழுதவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

விடுப்பில் வந்த அன்று காலை கொல்லையில் ஒருவரும் இல்லை. வாளியை விட்டு இறைத்து ஒரு வாய் குடித்தேன். கரித்தது. துப்பிவிட்டு, ஏன் எழுதவில்லை என்று அவளிடம் கத்தினேன்.

"எழுதுனேனே. உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு நம்மூர்ல யாருக்குங்க தெரியாது? வெளிநாட்டுல இருக்கற மனுசனுக்குக் கெணறு போச்சுன்னு நேரா எழுதவா முடியும்?"

எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படி எழுதமாட்டார்கள். சாவைக்கூட உடம்பு சரியில்லை என்றுதான் எழுதுவார்கள். படிக்கிறவன் புரிந்துகொள்ள வேண்டும்.

பண்ணைக்காரர்களைத் தேடிப் போனேன். இறாலுக்கு நோய் வந்து, அவர்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. குளத்தின் அடிமண் வெள்ளை பூத்துக் கிடந்தது. இனி அதில் புல்கூட முளைக்காது.

திரும்பி வந்தபோது அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். இருபது வருடம் எங்கள் கிணற்றில் இறைத்தவர். இப்போது பக்கத்து ஊர் வரை நடந்து போய்த் தண்ணீர் எடுக்கிறார். இடுப்புக் குடத்திலிருந்து எனக்கு ஒரு செம்பு ஊற்றிக் கொடுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குடித்தேன்.

"தம்பி, நீ அங்க கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துற எடத்துலதானே இருக்க? நம்ம கெணத்துக்கும் அப்புடி ஏதாச்சும் செய்யலாமாப்பா?" என்று கேட்டார்.

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். குடத்தை இறக்கி வைக்காமல் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.