செம்மண் மேட்டில் பனி டயர்

எங்கள் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷத்து அடைமழையில், காஜா பேராங்கில் இருந்த எங்கள் டயர்க் கடைக்கு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. நான்கு சக்கரமும் செம்மண் அப்பி மொழுமொழுவென்று இருந்தன. ஓட்டி வந்தவர் ராஜா பிள்ளை, பக்கத்தில் செட்டிக் கம்பம் என்ற கிராமத்துக்காரர். தோட்டங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஆஸ்பத்திரி ஜீப்புக்கு அவர்தான் டிரைவர். அவருக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் அந்தச் செட்டிகளுக்குப் பேச்செல்லாம் மலாய்தான். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மூணு வாட்டி அந்தத் தோட்டத்து மேட்டுல மாட்டிக்கிட்டேன், அக்கா. அடுத்த செவ்வாயும் மாட்டினா சாவிய வாங்கிக்கிட்டு வெளக்குமாத்தக் குடுத்துருவாங்களாம். இருபது வருஷ டிரைவர் நான்!"

அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கும் பொறுக்கவில்லை.

வெள்ளைக்காரர் விட்டுப்போன டயர்

ஜீப்பில் இருந்தவை பனி டயர்கள், பனி கொட்டும் நாட்டு ரோட்டுக்கென்று செய்தவை. ஊருக்குத் திரும்பும்போது தன் ஜீப்பையும் கொண்டுபோகலாம் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் கப்பலில் வரவழைத்தவை. கடைசியில் மனம் மாறி, ஜீப்பையும் டயரையும் ஆஸ்பத்திரிக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். பார்த்தால் நெருக்கமான பல் வரிசை, நுணுக்கமான வெட்டுகள். எங்கள் முதலாளி முத்தையா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஐஸ் மேலயே ஓடுற டயர் லா இது! மண்ணுல ஓடாதா? டிரைவருக்குத்தான் ஓட்டத் தெரியல."

நான் அந்தக் கடையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் சீவினேன். பேசாமல் இருக்கிற பழக்கம் எனக்கு அப்போதும் கிடையாது.

எதிர்க்கடையில் சீவிய ஐஸை உருண்டை பிடித்து, சிவப்புப் பாகு ஊற்றி விற்பார்கள். பாகு வேண்டாம் என்று சொல்லி ஒரு கை ஐஸ் வாங்கி வந்து டயர்ப் பல்லில் அழுத்தினேன். இடுக்கில் இறுகி நின்றது. அதன்மேல் இன்னொரு கை வைத்தேன். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா மொதலாளி? ஐஸ ஐஸு புடிச்சிக்கும். அதனால பல்லுல நின்னா நல்லது. செம்மண்ணு நின்னா வழவழன்னு ஆயிரும். மண்ணத் துப்புற டயருதான் நமக்கு வேணும்."

"ஐஸ் உருண்டைய வெச்சி எனக்கே பாடமா?" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்.

குளிர் நாட்டுக்குப் போகிற பிள்ளைகள் பெரிய வண்டிக்கு என்ன டயர் போடுவது என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். பனிக்குப் பனி டயர்தான். பின்னால் இரண்டு போதும் என்று கஞ்சத்தனம் பண்ணாமல், நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள். நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சொல்வேன்.

உளி

கடையின் பின்கட்டில் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய டயர்கள் கிடந்தன. ஒல்லியானவை. மேல்சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொடும். பல் தேய்ந்திருந்ததே தவிர, உள்ளே இருக்கும் கேன்வாஸ் துணிக்கு மேலே ரப்பர் தடிமனாக இருந்தது. புதிதாகப் பல் வெட்டினால் போதும்.

வெட்டுவதற்கு என் மரம் சீவுகிற உளியை எடுத்தேன். மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே காயம் படக்கூடாது. பட்டால் கங்காணி நாள் முழுக்கத் திட்டுவார். டயரிலும் அதே கதைதான். ரப்பரைச் சீவலாம், கேன்வாஸைத் தொடக்கூடாது. நாலு டயரையும் ஆழமாக, அகலமாக வெட்டி முடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புக்கிட் பாரு பக்கம் ஒரு மண் சரிவில் ஓட்டிப் பார்த்தோம். மண் அழகாகத் தெறித்தது. ஜீப்போ ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் இறங்கிவிட்டது.

முதலாளி இறங்கிப் பல்லைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செல்லம்மா, டயர்ல பால் வடியணும்னு நெனச்சியா? பால் புடிக்கிற மங்க எங்க கட்டுறது?"

பார்த்தேன். பழக்கதோஷம்! மரத்தில் சீவுவது போலவே நாலு டயரிலும் இடது மேலிருந்து வலது கீழாக, ஒரே சாய்வில் வெட்டியிருந்தேன். மண் முழுக்க ஒரு பக்கமாகவே தள்ளியதால் வண்டி மறுபக்கம் ஓடியது. உலகத்தில் வேறு எந்த டயர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

ராஜா பிள்ளை சிரிக்கவில்லை. மறுநாள் செவ்வாய்.

வெட்டியதைத் திருத்த முடியாது. பழைய டயர்களில் இன்னும் நாலு பொறுக்கினேன். ஒவ்வொரு டயரிலும் ஒரு பாதிக்குப் பழைய சாய்வு, மறுபாதிக்கு எதிர்ச் சாய்வு, நடுவில் இரண்டும் கூர்மையாகச் சேரும். எதிர்ச் சாய்வுக்கு உளியை இடக்கையில் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் கேன்வாஸ். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து டயரைத் திருப்பிக் கொடுத்தார். கூர்மை எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று சாக்குக்கட்டியால் அம்புக்குறி போட்டு மாட்டினோம்.

மேடு

செவ்வாய் காலை நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். தோட்டத்து ஜனங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முன்னால் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மழை விட்டபாடில்லை. மேட்டடியில் டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.

"அவசரப்படாதீங்க, மிதிச்ச மிதிய மாத்தாதீங்க," என்றேன்.

ராஜா பிள்ளை உதட்டுக்குள் விநாயகரைக் கூப்பிட்டுக்கொண்டு கியரைப் போட்டார். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியது. என் உயிர் போய் வந்தது. பிறகு பிடித்தது. இரு பக்கமும் மண் கட்டி கட்டியாகப் பறந்தது. வழக்கமாக மாட்டுகிற வளைவில் ஜீப் நிற்கவே இல்லை. தோட்டத்து லயவீடுகளின் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு உச்சியில் கத்தினார்கள். நானும் கத்தினேன், வெட்கமில்லாமல்.

மேலே போய் நிறுத்தியதும் டிரஸ்ஸர் இறங்கி நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளை, அடுத்த வாரம் அந்த ஆத்தங்கரைத் தோட்டத்துக்கும் நீதான் ஓட்டணும். மழைக்காலத்துல யாரும் அங்க வண்டி கொண்டுபோனதில்ல."

அதற்குப் பிறகு டயர்க் கடை வேலையில் பல வருஷம் இருந்தேன். நல்ல டயர் எது என்று யார் வந்து கேட்டாலும் எங்கே போகப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் டயரைத் தொடுவதில்லை.

அன்று அந்த மேட்டின் மேலே ராஜா பிள்ளை சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டார். பிறகு எனக்குத் தெரிந்து முதல்முறையாக, முழுசாகத் தமிழில் சொன்னார்:

"அக்கா, நான் டிரைவர்."