பிலோமினா அக்காவின் தகரப் பூந்தோட்டம்

செய்தி வந்தபோது என் கையில் தேயிலைச் சக்கை இருந்தது. காலையில் தேநீர் வடித்த சக்கையை வழமைபோலக் கமெலியாச் சாடியில் கொட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அந்தோனி அண்ணன், பிலோமினா அக்காவின் கணவர். "விடிய நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா டீச்சர். அப்புறம் எந்திரிக்கவே இல்ல," என்றார். அவர் சொன்னதில் முதற்பாதியையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. தேநீரைக்கூட நின்றபடி, மறுகையால் ஏதாவது செடியின் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டுதான் குடிப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைநாட்டு ஹட்டனில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் அவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், தான் பிறந்த காம்பராவிலேயே குடியிருந்து, ரயிலில் வேலைக்கு வந்து போனவர். அண்ணன் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவர். பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி யாராவது இரக்கப்பட்டால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

நான் தொண்ணூறுகளின் நடுவில், வடக்கே வடமராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து, ஒரே ஒரு சூட்கேசோடு ஹட்டனுக்கு வந்தவள். முதல்நாள் ஆசிரியர் அறையில் ஆளாளுக்குச் சண்டையைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா மட்டும், "வீட்ல என்னா மரம் நின்னிச்சி டீச்சர்?" என்று கேட்டார். மாமரம் என்றேன். கறுத்தக்கொழும்பான் என்றேன். உடனே அழுதுவிட்டேன். அவர் மறுநாள் ஒரு பால்மா தகரத்தில் ஜெரேனியம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இது ஒங்க கூட வரும். எங்க மாத்தினாலும் தூக்கிக்கிட்டுப் போகலாம்," என்றார்.

அவருடைய செடிகள் எல்லாமே தகரத்தில்தான் நின்றன. பால்மா தகரம், பிஸ்கட் தகரம், பெயின்ட் வாளி, கைப்பிடி போன அண்டா. லயத்து வாசலில், படியில், ஜன்னல் விளிம்பில், எங்கும் தகரங்கள். ஃபியூஷியா, பிகோனியா, டேலியா, காட்டுப் பன்னங்கள், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. ஏன் நிலத்தில் வைப்பதில்லை என்று முதல்முறை கேட்டபோது சிரித்து மழுப்பினார். இரண்டாம் முறை கேட்டபோது சொன்னார்.

"எங்க அம்மா இதே வாசல்ல ஒரு கொய்யா வச்சாங்க. மொதக் காய் காய்ச்ச வருஷம், லயத்து ஓரம் வரைக்கும் தேயிலை வைக்கணும்னு வேலை வாங்குற கண்டாக்கையா ஆள் அனுப்பிட்டாரு. வேரோட புடுங்கிட்டாங்க. அம்மா மறுநாள் ஒரு தகரத்துல ரோஸா வச்சாங்க. கலவரம் வந்து ஓடினப்ப அந்தத் தகரத்த இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் ஓடினாங்க. நம்ம மண்ணு இல்லாத எடத்துல வேர் விடக் கூடாது டீச்சர்."

அக்காவோடு ஊர் சுற்றுவது லேசான அலுவல் அல்ல. அவர் குடை கொண்டுபோவது மழைக்காக அல்ல. மடித்த குடைக்குள், நடுவதற்கு ஒடித்த செடிக் கம்புகள் இருக்கும். யார் வீட்டு வேலிக்கு மேலே என்ன நீட்டிக்கொண்டு நின்றாலும் கை சும்மா இராது. நுவரெலியாவில் அவர் குடையோடு வருவதைக் கண்டு படலையைச் சாத்திய ஒரு வீட்டம்மாவை எனக்குத் தெரியும்.

ஒரு ஏப்ரல் விடுமுறையில், ரயிலில் போகையில் பட்டிப்பொலவில் வண்டி நின்றது. நடைமேடை ஓரத்தில் ஒரு ஃபியூஷியா, இரட்டை இதழ், ஊதாவும் வெள்ளையும். "இது நம்மகிட்ட இல்ல டீச்சர்," என்றவர், நான் மறிப்பதற்குள் இறங்கிவிட்டார். வண்டி ஊதியது. நான் ஜன்னலால் கத்துகிறேன், அவர் ஆற அமரக் கணு பார்த்து ஒடிக்கிறார். கடைசியில் ஓடிவந்து கார்டின் பெட்டியில் தொற்றிக்கொண்டார். "மே மொகத நோனா?" என்று கார்ட் அதட்டினாராம், இது என்ன வேலை என்று. "மல் கஹக், மஹத்தயா," பூச்செடி ஐயா, என்று அக்கா குடையை விரித்துக் காட்டியிருக்கிறார். கார்ட் கம்புகளைப் பார்த்துவிட்டு, "மட்டத் எக்கக் தென்ன," என்றாராம். அவருக்கும் ஒன்று வேண்டுமாம். பாதியை முறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த தரிப்பில் என் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்குச் சிரிப்பு.

கமெலியாவும் குடையில் வந்ததுதான். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். வழியில் ஒரு பழைய பங்களா. மதிலோரம் ஆளுயரத்துக்கு மேலே கமெலியா, வெளிறிய ரோஸ் நிறப் பூ, பார்த்தால் மெழுகில் செய்ததுபோல. தேயிலைக்கு நெருங்கிய சொந்தம் இந்தச் செடி. இலையைப் பார்த்தால் தெரியும். "தேயிலையோட தங்கச்சி டீச்சர். அக்காவ மலையில வேலைக்கு விட்டுட்டு, தங்கச்சி பங்களாவுல சொகுசா நிக்கிறா," என்றார். இரண்டு கம்புகள் எடுத்தோம். அவருடையது ஒரு தார்ப் பீப்பாயின் பாதியில் வளர்ந்தது, என்னுடையது வாடகை வீட்டில் மண் சாடியில். ஆண்டுகள் போயின. இரண்டும் மொட்டுக் கட்டும். விரியுமுன் உதிர்ந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் லயங்களைவிட்டுத் தனிவீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டோடு ஏழு பேர்ச் அளவில் சிறு நிலம். அண்ணனின் பெயரிலும் ஒன்று வந்தது. காணி உறுதிப் பத்திரம் பிறகு வரும் என்றார்கள். புது முற்றம் கிடைத்ததும் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையோடு கயிறு பிடித்து, தேயிலை நடுவதுபோல நேர்நேராகப் பூச்செடி நட்டார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தடியோடு வீடு வீடாகப் போனார்.

"வரிசையெல்லாம் காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப நிக்கட்டும். வாசல்ல எதுக்கு? கதவத் தொறந்தா வேலைக்குப் போன மாதிரியா இருக்கணும்?" என்பார். பிறகு தடியால் மண்ணில் வளைத்துக் கோடு கீறுவார். பாதை நேரே வாசலுக்கு வரக்கூடாது, ஒரு திருப்பம் வேண்டும், திருப்பத்தில் மணக்கிற செடி ஒன்று வேண்டும். லீக்ஸும் போஞ்சியும் குசினிக்குப் பின்னால். சரிவு மண் கரையாமல் கல் அடுக்கி, கல்லிடுக்கில் பன்னம். ஒரு வருடத்தில் அந்தக் குடியிருப்பைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவருடைய முற்றத்தில் மட்டும் ஒரு செடிகூட மண்ணில் இறங்கவில்லை. எல்லாம் தகரத்தில். தகரங்களையே அடுக்கிப் பாத்தி கட்டினார், பாதை வளைத்தார். சனிக்கிழமை ஒரு தோட்டம், அடுத்த சனிக்கிழமை வேறொரு தோட்டம். எதிலும் அவருக்குத் திருப்தி வராது. பிகோனியாவை இந்தப் பக்கம் கொண்டுவா, இல்லையில்லை, அங்கேயே வை என்று அண்ணனை ஒருவழி பண்ணிவிடுவார். கமெலியாப் பீப்பாயை மாத்திரம் மூன்று பேர் சேர்ந்து நகர்த்த வேண்டும். அதன் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

எனக்கும் வாய் சும்மா இராது. "உங்களுக்கு விசரே அக்கா? ஊர் முழுக்க நிலத்தில வைக்கச் சொல்லிப்போட்டு, உங்கட முற்றத்தில தகரக்கடை நடத்துறீங்கள். உது வேர் சுத்திச் சாகப்போகுது."

"உறுதி கைக்கு வரட்டும் டீச்சர். வாயால குடுத்தத வாயாலயே வாங்கிக்குவாங்க."

"வராட்டி?"

"செத்தா என் கையில சாகட்டும். எவனோ வந்து புடுங்கிப் போடுறத இன்னொருக்கா பாக்க என்னால ஏலாது."

அன்று இருவருமே சற்றுக் கூடுதலாகத்தான் பேசிவிட்டோம். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பிகோனியாத் தகரத்தோடு என் வாசலில் வந்து நின்றார். தேநீர் குடித்தோம். அவர் நின்றபடி.

யுத்தம் ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்திருந்த காலத்தில், என் வீட்டைப் பார்க்கப் புறப்பட்டேன். "நானும் வாறேன்," என்று அக்கா குடையோடு வந்துவிட்டார். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் அரசங்கன்று. ஷெல் விழுந்து மாமரம் இடுப்பளவில் முறிந்து, அடிமரம் கரிந்து நின்றது. ஆனால் அதன் அடியிலிருந்து புதிதாக ஒரு கிளை கிளம்பி, இல்லாத கூரையின் உயரத்துக்கு வளர்ந்து, காய்த்திருந்தது. நான் கிணற்றடியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அக்கா அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் சாயும்வரை எழும்பவில்லை.

"ஓடுனது நீங்கதான் டீச்சர். இது எங்கயும் போகல," என்றார். பிறகு, "எங்கம்மாவோட ரோஸாத் தகரம் என்னாச்சின்னு ஒங்ககிட்ட சொல்லல இல்ல? பாதி வழியில கை வலிச்சி எங்கயோ எறக்கி வச்சிட்டாங்க. திரும்பி வந்து தேடுனா காணோம்," என்றார்.

மறுநாளே அவர் மலைக்குத் திரும்பிவிட்டார். நான் விடுமுறை முடியும்வரை அங்கே நின்றேன். குடையில் அவர் எதுவும் எடுத்துப் போகவில்லை.

அடுத்த பருவத்தில் அவருடைய கமெலியா பூத்தது. ஒன்றிரண்டு அல்ல, கிளை தாழப் பூத்தது. வாசற்கதவுக்குப் பக்கத்தில், அதே தார்ப் பீப்பாயில். எனக்கு மகிழ்ச்சி பாதி, எரிச்சல் பாதி. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "தேயிலைச் சக்க டீச்சர். தங்கச்சிக்கு அக்காதான சோறு போடணும்." நானும் நம்பினேன். அன்றிலிருந்து வீட்டுச் சக்கை போதாதென்று ஆசிரியர் அறைச் சக்கையையும் பையில் கட்டிக்கொண்டு போனேன். அதிபர் வரை சிரித்தார்கள். என் கமெலியா மொட்டுக் கட்டியது, உதிர்த்தது.

"இன்னுங் கொஞ்சம் கூடப் போடுங்க," என்று அக்கா சொல்வார்.

மற்றத் தகரங்கள் முன்புபோலச் சனிக்கிழமைதோறும் ஊர்வலம் போயின. பீப்பாய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கேட்டால், "அண்ணனுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி, இனிமே தூக்க ஏலாது," என்பார். அண்ணனும் பக்கத்தில் நின்று, உடனே இடுப்பில் கை வைத்துக்கொள்வார். ஆண்டுகள் ஓடின. உறுதி வரவே இல்லை. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய அண்ணனே அலுத்துப்போனார். அக்கா அதைப் பற்றிக் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடக்கத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை வெளியே எடுக்க வழியில்லை. முற்றம் நிறையத் தகரம். குடியிருப்புச் சனமெல்லாம் வரிசையாக நின்று, தகரங்களைக் கைமாற்றி ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அவர் வளைத்த பாதை ஒவ்வொரு தகரமாகக் கலைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வாசலோரத்துப் பீப்பாய் மட்டும் மிஞ்சியது. நாலு பேர் வந்து விளிம்பைப் பிடித்தார்கள்.

"அத விட்ருங்கப்பா," என்று உள்ளேயிருந்து அண்ணன் சத்தம் போட்டார். அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

பீப்பாய் மட்டும் ஒரு சாண் மேலே வந்தது. செடி வரவில்லை. அடியால் மண் சரிந்து கொட்டியது. குனிந்து பார்த்தேன். பீப்பாய்க்கு அடி இல்லை. துருப்பிடித்து உதிர்ந்ததல்ல, உளியால் சுற்றிவர வெட்டி எடுத்திருந்தது. உள்ளே என் கைமொத்தத்தில் வேர்கள், நேரே நிலத்துக்குள்.

அண்ணன் படியில் வந்து நின்றார். "ஒங்க ஊருக்குப் போயிட்டு வந்த மறுநாள் டீச்சர். பீப்பாயச் சாய்ச்சிப் புடிக்கச் சொல்லி, அவளே வெட்டினா. அடியில குழி தோண்டி எறக்கினோம். யார்கிட்டயும் சொல்லாத, டீச்சர்கிட்ட சொல்லவே சொல்லாத, சொன்னா சும்மா விட மாட்டாங்கன்னா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவீட்டு வாசலில், அத்தனை பேர் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அது அழுகையாகிவிட்டது, நிற்கவில்லை.

பீப்பாயை மெல்ல இறக்கி வைத்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கியவர்கள் கமெலியாவை விலத்தி, வலப்பக்கமாக வளைந்து போனார்கள். கிளையொன்று பெட்டியில் உரசியது. பாதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்று அவர் சொன்னபடியே.

அக்கா, அந்தத் தேயிலைச் சக்கைப் பொய்யை நான் மன்னிப்பதாக இல்லை. நேற்றுப் பின்னேரம் சுத்தியலை எடுத்து என் சாடியின் அடியைத் தட்டி உடைத்தேன். முற்றத்தில் குழி வெட்டி இறக்கி, மண் அணைத்து மிதித்துவிட்டேன். வாடகை வீடுதான். வீட்டுக்காரர் வந்து கத்தினால் கத்தட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கட அலுவல் முடிஞ்சுது. இனி நிக்காமல் இருங்கோ அக்கா.