பக்கம் மாறிய இரண்டு ரீல்கள்

இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது அதைவிட அசிங்கம்.

அறுபதுகளின் பின்பாதியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராக இருந்தேன். டாக்டர் பட்டத்தின் மேல் அப்படி ஒரு வெறி. அப்போது எங்கள் துறையே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது: காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அணுவுக்குள் நடப்பவை அதே விதிப்படிதான் நடக்குமா? நடக்கும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரு துகள் சிதைவதைப் பார்த்ததில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. புரோட்டானைவிடக் கனமான லாம்டா என்ற துகளிலும் பார்த்துவிடலாம் என்று, வடக்கே இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் பத்து ரீல் படச்சுருள் அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் ஒரு லாம்டா உடையும். அதிலிருந்து கிளம்பும் புரோட்டான் ஒரு தகட்டில் மோதி இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பும். அதை எண்ணுவது என் வேலை. இரண்டும் சமமாக வந்தால் பழைய நம்பிக்கை பிழைத்தது. ஒரு பக்கம் கூடினால் காலத்துக்கே ஓரவஞ்சனை இருக்கிறது என்று அர்த்தம்.

படத்தைப் பெரிதாகப் பார்க்க, டாக்கீஸில் கழித்துப் போட்ட ஒரு ப்ரொஜெக்டர் கிடைத்தது. அதைச் சீராக்கி ஓட்டித் தந்தவர் அந்த டாக்கீஸின் ஆபரேட்டர் பாய். அவருடைய அண்ணன் தம்பிகளுக்குத் தோல் வியாபாரம். இவர் மட்டும் பல வருஷமாகக் கேபினுக்குள். ப்ரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் புகை நெஞ்சில் இறங்கி, இனி அந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் லேபில் அட்டெண்டர் இடம் ஒன்று காலியாக இருந்தது. வாங்கித் தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித் தினமும் காலையில் வந்து, இன்னும் விடமுடியாத டாக்கீஸ் வேலைக்கு, மேட்னி ஷோ ஓட்டப் போகும்வரை எனக்கு ரீல் மாட்டித் தந்தார்.

என்ன ஆராய்ச்சி என்று ஒரு நாள் கேட்டார். சொன்னேன்.

"அட, ரீலப் பின்னாலருந்து ஓட்டுறதுதானே சார்? கெணத்துல குதிச்சவன் நனையாம மேல வந்து நிப்பான். அம்புட்டுத்தானே?"

என் மாணவர்களில் ஒருவனுக்கும் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

ஏழாவது ரீலை மாட்டும்போது நிறுத்தினார். "சார், மத்த ரீல்ல எல்லாம் மங்கல் பக்கம் வெளக்கப் பாத்து இருந்துச்சு. இதுலயும் அடுத்ததுலயும் பளபளப்புப் பக்கம் பாக்குது. காப்பி எடுத்தவன் மாத்திச் சுத்திட்டான், கண்ணாடியில பாக்குற மாதிரி தெரியும். செத்த இருங்க, திருப்பி மாட்டிர்றேன்."

அந்த வாரம் கணக்கை அனுப்புவதாகப் பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இது என்ன சினிமாவா பாய், ஹீரோ எடது கையால சாப்பிடுறான்னு ஜனம் விசிலடிக்க? வெறும் கோடு. மாட்டுங்க."

மாட்டினார். இடமா வலமா என்பதைத் தவிர எனக்கு வேறு வேலையே கிடையாது. அது அந்த நொடியில் என் மண்டையில் ஏறவில்லை. படம் திரும்பியிருப்பதைக் காட்டிக்கொடுக்க அதில் எழுத்தோ எண்ணோ இல்லை, மூலைகளில் இருந்தவை கூட்டல் குறிகள் மட்டும். எப்படிப் பார்த்தாலும் கூட்டல்தான். ஆனால் அது சாக்கு. டாக்கீஸ்காரர் எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர்தான் காரணம்.

மாதக் கடைசியில் பேராசிரியர் நேரில் வந்தார். பிரின்சிபாலும் கூட நின்றார். சுருள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பேராசிரியரின் முகம் சுருங்கியது. இந்த இரண்டு ரீல்களிலும் இடம் வலமாக, வலம் இடமாக எண்ணியிருக்கிறது, மொத்தக் கணக்கும் குப்பை என்றார். யார் மாட்டியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆபரேட்டர்" என்றேன்.

பாய் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். அந்தச் சொல் புரியாதவரா அவர்? என் முகத்தைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"நீதான் மாட்டினியாப்பா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"ஆமா சார், நான்தான் மாட்டுனேன்."

மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே அட்டெண்டர் வேலைக்கான பட்டியலில் இருந்த அவர் பெயரை அடித்துவிட்டார்கள். பிரின்சிபால் அறை என் அறைக்கு நாலு கதவு தள்ளி இருந்தது. ஒரு நடை போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டம் போய்விடும் என்ற பயத்தில் போகவில்லை. தூ, என்ன பிழைப்பு!

மறுநாள் காலை அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். இருமிக்கொண்டே அந்த இரண்டு ரீல்களையும் சரியாகத் திருப்பி மாட்டினார். முழுவதும் எண்ணி முடிக்க நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் வந்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன சார் வந்துச்சு?" என்றார் கடைசியில்.

"ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம் பாய்."

"நல்லது சார்." கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "அன்னைக்கு ஏழாவது ரீல் மாட்டுறப்ப, மெஷின் போட்ட சத்தத்துல நான் சொன்னது உங்க காதுல விழுந்திருக்காது சார். நான்தான் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்."

"ஆமா பாய், விழல" என்றேன்.