என் பங்குக்கு வந்த மான்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வேட்டைத் துவக்கைத் தொடவேண்டும் என்று கேட்ட ஆள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மானின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. மெலானியோடு போகவேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர்வரை நாங்கள் நகரத்துக்குள் நெரிசலான பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தோம். அந்த மாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். மேல்மாடியில் மாமா வீடு. எந்த வீட்டில் என்ன கறி என்று மணத்தை வைத்தே கண்டுபிடித்து, நல்ல கறி உள்ள வீட்டில் போய் உட்கார்ந்துவிடலாம். எலி ஓடுகிற இடத்தில் பிள்ளை வளரக்கூடாது, நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று அப்பா நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் தனி வீடு வாங்கினார். எனக்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெட்டிவிட்ட புல். அந்தப் புல்லில் ஒரு மனிதர் நடந்து நான் கண்டதில்லை. அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு பண்டசாலையில் மாலை வேலை. அம்மாவுக்குக் கார்தெரி என்கிற காப்பகத்தில் மற்றவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. பள்ளி விட்டு வந்து, அம்மா வரும்வரை நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். பசியினால் இல்லை. திறந்தால் அதற்குள் ஒரு வெளிச்சம் வரும்.

அப்படிப்பட்ட தெருவில் எனக்கு வாய்த்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு மெலானி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். பள்ளி பஸ்ஸில் எனக்காக இடம் பிடித்து வைப்பாள். ஒவ்வொரு நவம்பரும் அவளுடைய அப்பா அவளை வடக்கே காட்டிலுள்ள தங்கள் மரவீட்டுக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப்போவார். அந்த வார இறுதிகளில் எனக்கு உலகம் காலியாகிவிடும். போன வருடம் அவள் தன் முதல் மானைச் சுட்டிருந்தாள். இந்த வருடம் என்னையும் வரச்சொன்னாள். “முதலில் வருகிற மான் உனக்கு” என்றாள். ஒரு சிநேகிதிக்கு அவள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு அதுதான். நான் வராவிட்டால் தன் வகுப்பிலுள்ள ஜூலியைக் கூட்டிப்போவதாகவும் சொன்னாள். அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அன்று இரவே நான் அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

விஷயம் மாமா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தது. மாமா துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். அவர் வாழ்நாளில் துவக்கு எதையும் தொட்டதில்லை. ஆனால் கூட வேலை செய்பவர்கள் நவம்பர் முழுக்க அதைத்தவிர வேறு பேசாததால், மாமா கேள்வி ஞானத்தில் பெரிய வேட்டைக்காரராகியிருந்தார்.

“டுவென்டி டூ துவக்கு முயலுக்குத்தான் சரி. அதோடை மானுக்குப் போறது சட்டப்படியே பிழை,” என்றார். “பிள்ளைக்கு டூ ஃபோர்ட்டி த்ரீதான் பொருத்தம். தோளிலை அடி தெரியாது. பெரிசு எண்டா ஆளை மல்லாக்கத் தள்ளிப்போடும்.”

“கரப்பான் அடிக்கவே என்னைக் கூப்பிடுற ஆள் கதைக்கிற கதையைப் பார்,” என்றார் மாமி. “பன்னிரண்டு வயசுப் பிள்ளையின்ரை கையிலை ஆரும் துவக்கைக் குடுப்பினமோ? இந்த நகரத்திலை பெடியள் பள்ளிக்கூடப் பையுக்கை கைத்துவக்கு வைச்சிருக்கிறாங்கள் எண்டு ரீவியிலை காட்டினவங்கள்.”

“அது கள்ளத் துவக்கு. இது வகுப்பு எடுத்து, சோதினை பாஸ் பண்ணி, பூட்டி வைக்கிற துவக்கு. ரெண்டும் ஒண்டே?”

“ரெண்டாலையும் சுட்டா ஓட்டைதான் விழும்.”

அம்மாவின் கவலை வேறு. மெலானி சொன்ன வார இறுதி, அடுத்த மாதக் கந்தசஷ்டியோடு சேர்ந்து வந்தது. ஆறு நாளும் அம்மா ஒருவேளைப் பாலும் பழமுமாக விரதம் இருப்பார். வீட்டில் மச்சம் மாமிசம் நுழையாது. அந்த நேரத்தில் பெற்ற பிள்ளை மான் சுடப் போவதா? மாமா எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்தார். வெள்ளி பின்னேரம் சூரன்போர். சனி காலை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிட்டாயிற்று.

“முருகனே வெள்ளிக்கிழமை சண்டையை முடிச்சுப்போடுறார்,” என்றார் மாமா. “சனிக்கிழமை பிள்ளை தொடங்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு ஒரு தண்ணீர்த் துவக்குக்கூட வாங்கித் தராதவர் அவர். கடைசியில் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

“அவளைத் தனிய விடேலாது. நானும் போறன்,” என்றார்.

ஆகவே அப்பாவும் நானும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வார இறுதி வகுப்புக்குப் போனோம். எந்தத் துவக்கையும் குண்டு இருக்கிற துவக்காகவே நினைக்கவேண்டும், குழாயை ஆளுக்கு நேரே திருப்பக்கூடாது, சுடுகிற நொடிவரை விசையில் விரல் வைக்கக்கூடாது. நான் இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். ஒவ்வொருவராக வந்து துவக்கை எடுத்துக் காட்டச் சொன்னபோது அப்பா வரிசையின் கடைசியில் நின்றார். தன் முறை வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். இருவரும் பாஸ் பண்ணினோம். மாமா தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்.

சனிக்கிழமை பாறணைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். மான் கிடைத்தால் வெளியிலேயே வைத்துவிட்டு, தலையில் தண்ணீர் வார்த்தபிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வடக்கே போகப் போக இலையில்லாத மரங்களும் பாறையுமாக இருந்தது. மெலானி வாசலில் நின்று கையாட்டினாள். அந்த வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றுதான்.

பின்னேரம் நால்வரும் காட்டுக்குள் ஒரு பரணில் ஏறி உட்கார்ந்தோம். பலகை அடித்த சின்ன அறை, முன்பக்கம் ஒரு திறப்பு. நானும் மெலானியும் முன்னே. அவளுடைய அப்பா எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். என் அப்பா செம்மஞ்சள் அங்கியோடு பின்மூலையில். மெலானி தன் துவக்கை எனக்குத் தந்திருந்தாள். மாமா சொன்ன அதே டூ ஃபோர்ட்டி த்ரீதான். கை விறைத்தது, மூக்கு ஒழுகியது. ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி என் வீட்டு அமைதி மாதிரி இல்லை. தோளோடு தோள் முட்ட ஒருத்தி பக்கத்தில் இருந்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம் மான் வந்தது. கொம்பு வைத்த மான். சத்தமே இல்லாமல் வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. மெலானி என் முழங்கையைத் தொட்டாள். கற்றுத்தந்தபடி கட்டையைத் தோளில் இறுக்கி, கன்னத்தை வைத்து, பூட்டை விலக்கினேன். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். மெலானியின் அப்பா என் காதுக்குள் “இப்போது” என்றார். நான் விரலை விசையில் வைத்தேன்.

அப்பா இருமினார்.

சும்மா தொண்டையைச் செருமியது அல்ல. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல், ஒன்றன்பின் ஒன்றாக. மான் இருந்த இடத்தில் மான் இல்லை. மெலானியின் அப்பா என் கையிலிருந்து துவக்கை மெதுவாக வாங்கிப் பூட்டிவிட்டார். என் அப்பா “பார்தோன், பார்தோன்” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மெலானி திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மான் தனக்கு வந்திருந்தால் அது இப்போது நிலத்தில் கிடந்திருக்கும் என்று அவளுடைய பிடரி சொல்லியது.

மரவீட்டில் மெலானியின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். நாளைக் காலை இன்னொரு முறை முயலலாம், சளிபிடித்த ஆள் அடுப்பருகில் ஓய்வெடுக்கட்டும், பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா நன்றி சொல்லிவிட்டு, தனக்கு மறுநாள் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பண்டசாலை பூட்டு என்பது எனக்குத் தெரியும். நான் அழுதேன். மெலானி தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய்வா என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மூன்று மணிநேரம். அவ்வளவு நேரத்தில் அப்பா ஒருமுறைகூட இருமவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. பாதி வழியில் அவர் தானாகப் பேசினார்.

“ஏறக்குறைய உன்ரை வயசிலை என்ரை தம்பியிட்டையும் ஒரு துவக்கு இருந்தது.”

எனக்கு அது புதினம். எங்கள் ஊரிலும் வேட்டை உண்டு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லையே. கோபத்தை மறந்து திரும்பினேன்.

“சித்தப்பா என்னத்தைச் சுட்டவர், அப்பா?”

அப்பா தெருவைப் பார்த்தபடி “பிள்ளைக்குப் பசிக்குதோ?” என்று கேட்டார். வழியில் ஒரு கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிச்சத்தை என் கல்யாணத்துக்கு வந்திருந்த, அப்பாவோடு பிறந்த அத்தை சொன்னார். ஊரில் யுத்தம் நடந்த நாட்களில், சித்தப்பா பதின்மூன்று வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டார். ஒரேயொரு தரம் வீட்டுக்கு வந்தார். துவக்கைக் கதவு மூலையில் சாத்திவிட்டு, முட்டை பொரித்துத் தரச்சொல்லி அவசரமாகச் சாப்பிட்டார். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாராம். போகாதே என்று சொல்ல வாயெடுத்தும் சத்தம் வரவில்லையாம். சித்தப்பா கையைக் கழுவிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

ஆனால் எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது மெலானி ஜன்னலோரம் இருந்தாள். எனக்குப் பிடித்து வைக்கும் இடத்தில் அவளுடைய புத்தகப்பை இருந்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஜூலி ஏறுவதற்கு இன்னும் இரண்டு தரிப்புகள்தான் இருந்தன. முன்னே சாய்ந்து, என் அப்பாவின் தம்பிக்கு எங்கள் வயதிலேயே சொந்தத் துவக்கு இருந்தது என்று சொன்னேன்.

மெலானி திரும்பினாள். “உண்மையாகவா? அவர் என்ன சுடுவார்?”

“மான்தான்,” என்றேன். “எங்கள் ஊரில் மான் நிறைய. அவர் ஒன்றையும் தவறவிடமாட்டார்.”

அவள் புத்தகப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டாள்.