காக்கா பார்த்த பல்

நெத்தோலி மீன் காயும் வாடையும் அதைச் சுற்றும் காகங்களின் இரைச்சலும்தான் குளச்சலில் எங்கள் தெருவுக்கு விடியல்; அந்த வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் என் நாக்கு இன்றைக்கும் தானாகவே மேல்வரிசைக்குப் போய், முன்பற்களுக்கு இடப்பக்கம் இருக்கிற வெற்றிடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.

"பல் விழுந்த ஓட்டையைக் காக்கா பார்த்துவிட்டால் அங்கே பல் முளைக்காது" என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. காகமே வராத ஊரில் இதைச் சொன்னாலும் போகட்டும் என்று விடலாம். மீன் ஏலம் நடக்கிற "கடப்புறத்தில்" மனிதத் தலைகளைவிடக் காக்கைத் தலைகள்தான் அதிகம். அங்கே ஒரு பிள்ளை எத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டு திரிய முடியும்? எனக்குப் பால்பற்கள் விழத் தொடங்கியபோது அப்பா வளைகுடாவில் படகு வேலைக்குப் போயிருந்தார், அம்மா ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தையில் விற்றாள், என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லாததால் இடுப்பில் கூடையும் கையில் நானுமாக அவள் விடியலில் கரைக்குப் போவாள். ஒருநாள் பாய் அளவுக்கு ஒரு திருக்கை மீன் கரையேறியபோது நான் உதட்டை மறந்து "அம்மோ!" என்று வாயைப் பிளந்தேன், எதிரே வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த காகம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதை ரோசம்மா மாமியும் பார்த்துவிட்டார்.

மாமி அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லாதவர். பேசும்போதும் சிரிக்கும்போதும் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொள்வார், அதனால் ஊரில் அவருக்கு "அடக்கமான பொம்பள" என்று பேர். நாக்கில் அந்த அடக்கம் கிடையாது. மற்ற பற்களெல்லாம் முளைத்து அந்த ஒன்று மட்டும் மாதக்கணக்கில் வராமல் போனதும் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, பிள்ளைய கடப்புறத்துக்குக் கொண்டு போவாதேன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா? பொட்டப்பிள்ளைக்க வாய இப்பிடி ஆக்கிப் போட்டியே, நாளைக்கு இவள எவன் கெட்டுவான்?"

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அப்பாவிடமும் ஓதினார். அப்பாவின் தீர்ப்பு அம்மா வாயாலேயே எனக்குத் தெரிந்தது: டாக்டரிடம் காட்ட வேண்டும், பல் முளைக்காது என்று அவர் சொல்லிவிட்டால் "பிள்ள அக்காகிட்ட நிக்கட்டும்." அன்றுமுதல் காலையில் எழுந்ததும் மீன் வாடை வீசும் பெருவிரலால் என் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விடுவாள் அம்மா. தினமும் கோயிலில் அந்தோணியாரிடம் நான் பல் கேட்டது அழகுக்காக இல்லை. பல் வராவிட்டால் அம்மா இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாகர்கோவிலில் பல் டாக்டர் ஒரு அம்மா. மாமியும் கூடவே வந்திருந்தார், தீர்ப்பைக் காதால் கேட்க வேண்டுமே! அப்பாவின் அக்கா என்று சொல்லிக்கொண்டு, காக்கா பார்த்த கதையையும் அவரே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பல் இனி முளைக்காது" என்றார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது, வலித்தது, நான் விடச் சொல்லவில்லை.

"அங்க பல்லுக்கு முளையே உருவாகலம்மா. காக்கா என்ன செய்யும் பாவம்? கருவுலயே வாங்கிட்டு வந்தது இது, அனேகமா குடும்பத்துல இருந்து வரும். உங்க ரெண்டு வீட்டுலயும் யாருக்காவது இப்படி உண்டா?"

"எனக்க வீட்டுல யாருக்கும் இல்ல" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்து, "இவளுக்க அப்பாவுக்கு அந்த எடத்துப் பல்லு நெல்லுமணி போல சின்னதாட்டு இருக்கும்" என்றாள்.

"அதுவும் இதே வகைதான். ஒரே ரத்தத்துல ஒருத்தருக்குச் சின்னதா வரும், ஒருத்தருக்கு வராமலே போகும்" என்ற டாக்டர் மாமி பக்கம் திரும்பி, "நீங்க அவரோட அக்கா இல்லியா? உங்களுக்கு எப்படி?" என்று கேட்டார்.

மாமியின் முந்தானை வாயில் இருந்தபடியே இருந்தது. இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், அம்மாமேல் விழுந்த பழி அப்படியே நிற்கும், நான் மாமி வீட்டுப் பிள்ளையாகிவிடுவேன். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக் குரல் கேட்க அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், பிறகு முந்தானையை இறக்கினார். அதே இடப்பக்கம், அதே ஓட்டை.

"எனக்க அம்மயையும் இப்பிடித்தான் ஏசினாவ டாக்டரே. காக்கா பாத்துட்டுன்னு நானும் நம்பிட்டேன்" என்று சொல்லி அழுதார். அம்மா என் தோளை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தொலைபேசியில் மாமி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "லே தம்பி, இது நம்ம குடும்பத்துச் சொத்துடே! பிள்ள அவளுக்க அம்மகிட்டதான் நிக்கும். இனி ஒரு பேச்சு பேசாத." அப்படி முழங்கியவர் சாகும்வரை வாயிலிருந்து கையை இறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழகிய கை.

இப்போது மாமி இல்லை, கருவாடு காய்ந்த மணலைக் கடல் தின்றுவிட்டது, அங்கே தடுப்புச் சுவரின் பாறாங்கற்கள் கிடக்கின்றன. சென்ற மாதம் என் மகளுக்கு எடுத்த எக்ஸ்ரேயிலும் அதே இடம் காலி. அந்தப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, "இது யாரும்மா எனக்குத் தந்தது?" என்று கேட்டாள். ரோசம்மா மாமியைக் காட்டலாம் என்று கைப்பேசியில் இருந்த பழைய படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் கல்யாணப் படத்தில்கூட மாமியின் முகத்தில் பாதிக்குக் கைதான் இருந்தது. அதனால் என் வாயை நன்றாகத் திறந்து காட்டினேன். அவளும் திறந்து காட்டிச் சிரித்தாள். பக்கத்துப் பாறையில் ஒரு காகம் தலையைச் சாய்த்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும்.